எந்தக் குறைக்குக் காசு கொடுக்கலாம்? சாப்பாட்டு மேசை செய்யப்போகிறவர்களுக்கு

சாப்பாட்டு மேசை ஒன்று வேண்டும் என்று வீட்டில் பேச்செடுத்தால் போதும், நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். காரைக்குடிக்குப் போய்ப் பழைய தேக்கு வாங்கு என்பார் ஒருவர். உள்ளூரிலேயே நல்ல ஆசாரி இருக்கிறார், புது மரம் எடுத்துக் கொடு, செய்து தருவார் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் போனை நீட்டி, ஓரம் வளைந்து நெளிந்து போகும் ஒற்றைப் பலகை, அதன் நடுவே நீல நிற ரெசின் (ஊற்றி இறுகவைக்கும் பிசின்) ஓடும் மேசைப் படத்தைக் காட்டுவார். இவ்வளவு அலைச்சல் எதுக்கு, கடையில் காசு கட்டினால் ஆள் வந்து பொருத்திவிட்டுப் போகிறான் என்று நாலாமவர் முடித்துவைப்பார்.

முதல் மூன்று வழியிலும் விற்பவர் வாயில் வரும் வசனம் ஒன்றுதான்: "இயற்கையான குறைதான் சார் இதுக்கு அழகே." கணு இருந்தாலும் இதே பதில். வெடிப்பு, ஆணி ஓட்டை, பூச்சி அரித்த தடம், பலகைக்குப் பலகை மாறும் நிறம் என எதைக் காட்டிக் கேட்டாலும் இதே பதில். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அழகு என்ற போர்வையில் தள்ளிவிடும் கழிவு மரம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம். இந்தக் குறை முடிந்துபோனதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? ஆணி பிடுங்கிய ஓட்டை முடிந்துபோன குறை. யாரோ எப்போதோ அடித்தார்கள், பிடுங்கியாயிற்று, இனி அது பெரிதாகப் போவதில்லை. புதுப் பலகையின் முனையில் தெரியும் மயிரிழை வெடிப்பு முடியாத குறை. மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது, அடுத்த கோடையில் அந்த வெடிப்பு எங்கே போய் நிற்கும் என்று விற்பவருக்கே தெரியாது. பூச்சி ஓட்டை இரண்டு பக்கமும் சேரும். விளிம்பு கறுத்து மழுங்கியிருந்தால் பூச்சி எப்போதோ காலி செய்துவிட்டது. தட்டினால் வெளுத்த மாவு உதிர்ந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது.

பழைய வீட்டு மரம்

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் இதைப் பற்றித்தான் நிறையப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை. பர்மாவில் தொழில் நடத்திய நகரத்தார் அங்கிருந்து கப்பலில் தேக்கைக் கொண்டுவந்தார்கள். அது காட்டில் தானாக வளர்ந்து முதிர்ந்த தேக்கு. மெதுவாக வளர்ந்ததால் வளையங்கள் நெருக்கம், ஓரத்து வெள்ளை மரம் குறைவு, உள்ளே முழுக்க வைரம் என்னும் கெட்டியான நடுமரம். 2014 ஏப்ரலில் மியான்மர் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று நம் துறைமுகங்களில் இறங்கும் தேக்கில் நிறைய, கானா, எக்குவடோர் போன்ற நாடுகளின் தோட்டங்களில் சீக்கிரம் வளர்த்துச் சீக்கிரம் வெட்டியது. அதுவும் தேக்குதான், ஆனால் வெள்ளைப் பகுதி அதிகம். கரையானும் உளுவும் அண்டாத எண்ணெய்ச் சத்தெல்லாம் வைரத்தில்தான் இருக்கிறது. வெள்ளையில் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆக, பழைய வீட்டு மரத்தைத் தேடிப் போவது ஏக்கத்தால் மட்டும் வரும் ஆசை இல்லை. அந்த மாதிரி மரம் இன்று புதிதாகக் கிடைப்பது அபூர்வம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் செதுக்கிய கதவு, தூண், பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆனால் மேசை செய்ய அங்கே போகவேண்டிய அவசியமில்லை. வேலைப்பாடு உள்ள மரத்துக்கு அங்கே கலைப்பொருள் விலை. நமக்கு வேண்டியது கூரையைத் தாங்கிய கைமரம், உத்தரம், கதவின் உள்பலகை. இவை உங்கள் ஊரிலேயே, வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் தகரக் கொட்டகைக்கு அடியில் அடுக்கிக் கிடக்கும்.

அந்த நிலையில் பார்த்தால் ஆசை வராது. அடுப்புப் புகையும் சுண்ணாம்பும் நூலாம்படையும் ஏறி, இது தேக்கா வேங்கையா என்றுகூடத் தெரியாது. ஆசாரி இழைப்புளியை வைத்து ஒரு இழுப்பு இழுத்ததும் கறுப்புத் தோல் சுருளாக வரும். இரண்டாவது இழுப்பில் அடியில் இருக்கும் தேன்நிறம் வெளியே வரும், கூடவே பழைய தோல்பையைத் திறந்த வாசனை. ஆணி இருந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிக் கருநீல வளையம் இருக்கும், அதிலிருந்து மரத்தின் ரேகை வழியே மேலும் கீழும் மெல்லிய வால் நீண்டிருக்கும். ஆணியின் இரும்பும் மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்தும் ஈரத்தோடு சேர்ந்து பல மழைக்காலங்களில் உண்டாக்கிய கறை அது. உப்புத்தாள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, அவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும். பெயின்ட் தொட்டு வைத்த போலிப் புள்ளி இப்படி ரேகையோடு ஓடாது. சில கைமரங்களின் முனையில் உளியால் வெட்டிய கோடுகளும் கிடைக்கும். எந்தக் கழுந்து (துளைக்குள் நுழையும் மரமுனை) எந்தத் துளைக்கு என்று அடையாளம் வைத்து, தரையில் பொருத்திப் பார்த்து, பிறகு மேலே ஏற்றிய தச்சரின் கணக்கு அது. அந்தக் கோட்டை மேசைக்கு அடியில் வராமல் பக்கச் சட்டத்தில் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஆசாரிகள் பெரும்பாலும் கேட்காமலே அதைச் சீவித் தள்ளிவிடுவார்கள், அவர்கள் கண்ணுக்கு அது அழுக்கு.

இனி கசப்பான பகுதி. பழைய மரம் மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். கன அடி விலையே நல்ல புதுத் தேக்கை நெருங்கும், சேதாரமும் அதிகம். ஆறுக்கு மூன்று அடி மேசை, ஒன்றேகால் அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் மேல்பலகைக்கு மட்டும் ஏறத்தாழ 1.9 கன அடி. மூன்று அங்குலச் சதுரத்தில் நாலு கால், சுற்றுச் சட்டம் எல்லாம் சேர்த்தால் 2.9 வரும். புது மரத்தில் கொஞ்சம் சேதாரம் கூட்டினால் போதும். பழைய மரத்தில் பழைய துளைகள், உளுத்த முனை, ஆணி வரிசை என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடும். நாலரை கன அடி வாங்கினால்தான் 2.9 கைக்கு வரும்.

கூலியும் கூடும். "உள்ள ஒரு ஆணி ஒடிஞ்சு நின்னாக்கூட மெஷின் பிளேடு போயிடும் சார், அதுக்குத் தனியா போட்டுக் குடுத்துருங்க" என்று ஆசாரி சொன்னால் அது ஏமாற்று இல்லை. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். அதற்கு மேல் ஆணியும் சேர்ந்தால் பட்டறைக்காரர் பாடு திண்டாட்டம். கையடக்க மெட்டல் டிடெக்டர் வைத்து முதலில் ஆணி தேடும் பட்டறையாகப் பாருங்கள்.

நூறு வயது மரம் ஆயிற்றே, இனி அசையாது என்பதையும் நம்பவேண்டாம். மழைக்காலத்தில் விரிவதும் கோடையில் சுருங்குவதும் எந்த வயதிலும் நிற்காது. முடிந்துபோனது வேறு: பச்சை மரம் முதன்முதலாகக் காயும்போது வரும் பெரிய வெடிப்பும் முறுக்கலும். ஒரு சங்கதி மட்டும் உண்டு. கனமான உத்தரத்தை மெல்லிய பலகைகளாக அறுத்தால் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு, அறுத்த பலகை லேசாக வளையும். அறுத்ததும் வேலையை ஆரம்பிக்காமல், இடையே ரீப்பர் என்னும் மெல்லிய கட்டைகளை வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது நிழலில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பழைய பெயின்ட் இருக்கும் கதவுப் பலகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். உரிந்து அடுக்கடுக்காகத் தெரியும் பச்சையும் நீலமும் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளுக்கு ஆகாது, தேய்க்கிற தொழிலாளிக்கும் ஆகாது. சாப்பிடும் மேசைக்குப் பெயின்ட் அடித்த பழைய பலகையே வேண்டாம். சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டத்துக்கு ஆசைப்பட்டால், உரியும் பெயின்டின் மேல் தெளிவான பூச்சு கொடுத்து மூடி வைக்கலாம்.

இன்னொன்று, மேசையோடு நேரடியாகச் சம்பந்தப்படாதது. இடிந்த வீட்டு மரத்தை எடுத்து உபயோகிப்பது ஒன்று, மரத்தை விற்பதற்காகவே வீட்டைப் பிரிப்பது இன்னொன்று. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனாலும் பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடுகள் கவனிப்பாரின்றி, கதவும் தூணும் தனித்தனியாக விலை போவது நிற்கவில்லை. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி வீடாகவே நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தூண் ஒன்றைப் பாதியாக அறுத்து மேசைக்கால் செய்யக் கை வராது. செதுக்கு வேலை உள்ளதைத் தொடாமல் சாதாரணக் கைமரத்தை மட்டும் எடுப்பது என் வழக்கம். நல்ல மேசைக்கு அது போதும்.

பழைய வீட்டு மரத்தைப் புது வீட்டுக்குள் ஏற்றக்கூடாது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. பெரும்பாலும் அந்த எதிர்ப்பு வாசல் நிலையோடு நிற்கிறது. மேசை நாற்காலி என்றால் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

பழசு மாதிரி செய்த புதுசு

ஜோத்பூரிலிருந்து லாரி லாரியாக வரும் மா, அகேசியா மரச் சாமான்களில் ஒரு வகை உண்டு. புதிதாகச் செய்து, சங்கிலியால் அடித்து, விளிம்பைத் தேய்த்து, கறுப்பு மெழுகை வழித்துப் பழசாக்கியது. ஜோத்பூர்க்காரர்களின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை, கேட்பவனுக்குக் கேட்டதைச் செய்து தருகிறார்கள். புதுசு என்று சொல்லிப் புதுசு விலைக்கு விற்றால் அதில் தப்பும் இல்லை. 'ரீகிளெய்ம்டு', அதாவது பழைய மரத்தில் செய்தது, என்ற சீட்டை ஒட்டி இரட்டை விலை சொல்லும்போதுதான் வம்பு.

கண்டுபிடிக்க மேசையைக் கவிழ்த்தால் போதும். மேலே நூறு வருடக் காயமும் கீழே போன மாதம் இழைத்த பளபளப்பும் இருந்தால் கதை முடிந்தது. தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உண்மையில் புழங்கிய பொருள் கைபடும் முன்விளிம்பிலும், கால் வைக்கும் கீழ்ச்சட்டத்திலும் தேயும். போலி வேலையில் நாலு மூலையும் சமமாகத் தேய்ந்திருக்கும், சுவரை ஒட்டி நிற்கும் பின்பக்கமும் விடுபட்டிருக்காது. பூச்சி ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் செங்குத்தாக இறங்கினால் அவை துரப்பண ஊசியின் வேலை. பூச்சி உள்ளே வளைந்து வளைந்துதான் போகும்.

என் கேள்வியை இங்கே வைத்தால் பதில் வேடிக்கையாக வரும். இந்தக் குறை முடிந்ததும் இல்லை, நடப்பதும் இல்லை. நடக்கவே இல்லாதது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் மாமரம் நிஜம். மாமரம் பூச்சிக்குப் பிடித்த மரம், மருந்து ஏற்றிக் காயவைக்காமல் விட்டிருந்தால் இரண்டாவது மழைக்காலத்தில் நிஜ ஓட்டைகள் வரிசையாக வரும். போலி ஓட்டைக்கும் நிஜ ஓட்டைக்கும் அப்போது வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால் தாமதமாகத்தான் தெரியவரும்.

புது மரம், ஆசாரி கை

இதில் குறை இரண்டு இடத்திலிருந்து வரலாம், ஒன்று மரம், இன்னொன்று கை.

மரத்தில் முதலில் பார்க்கவேண்டியது கணு. சுற்றியுள்ள மரத்தோடு இறுகிப் பின்னிய கணு மேல்பலகையில் இருந்தால் அழகு. சுற்றிலும் கறுப்பு வளையம் போட்டுத் தனியாகத் தெரியும் கணு செத்த கிளையின் மிச்சம், ஒருநாள் கழன்று விழும். எந்தக் கணுவும் மேசைக்காலில் வேண்டாம், கால் அந்த இடத்தில்தான் ஒடியும். நிறம் ஒட்டவில்லை என்று பதறவும் வேண்டாம். புதிதாக இழைத்த தேக்கு மஞ்சளும் பச்சையும் கலந்து திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் பொன்பழுப்பாக ஒன்றுகூடும். அந்தப் பொறுமை இல்லாமல் சாயம் ஏற்றச் சொல்பவர்கள் தேக்கை வாங்கி அதன்மேல் தேக்கு நிறம் அடித்துக்கொள்கிறார்கள்.

எல்லோரும் தேக்கு தேக்கு என்று ஓடுவதால் வாகையை யாரும் கேட்பதில்லை. வெளுப்பு வெள்ளையும் கரும்பழுப்பு வைரமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வாகைப் பலகையை மேசையில் போட்டால் ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெள்ளைப் பகுதிக்குப் பூச்சி மருந்து மட்டும் கட்டாயம்.

கையின் குறைக்கு வருவோம். கையால் செய்ததன் தடம் வேறு, கவனமில்லாமல் செய்ததன் தடம் வேறு. மேல்பலகையை விரலால் தடவினால் மட்டும் தெரியும் இழைப்புளியின் மெல்லிய அலை, மூட்டுக்குப் பக்கத்தில் அழிக்காமல் விட்ட குறிக்கோடு, நாலு காலின் கடைசலில் நூல் அளவு வித்தியாசம் ஆகியவை முடிந்துபோன குறைகள், மேசையின் பலத்தை இவை எதுவும் செய்யாது. கழுந்துக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி விழுந்து அதில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தால் அது நடந்துகொண்டிருக்கும் குறை. இன்றைக்கு ஆடாது, இரண்டு வருடத்தில் ஆடும். விற்பவர் இரண்டையும் 'கைவேலை சார்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். நீங்கள் மேசையின் ஒரு முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், மூட்டு பதில் சொல்லும்.

நல்ல ஆசாரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை: மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்பது. மூன்றடி அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் அசையும், நீளவாட்டில் அசைவு இல்லாத மாதிரிதான். சுற்றிலும் பசை போட்டு இறுக்கிவிட்டால் அந்த அசைவுக்கு இடமில்லாமல் பலகை நடுவில் பிளக்கும். ஸ்க்ரூ ஓட்டையைக் குறுக்குவாட்டில் நீளமாகப் போட்டுப் பிடிக்கவேண்டும், அல்லது சட்டத்தில் காடி எடுத்து மரக்கட்டையால் கவ்வவேண்டும். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்து விளக்க ஆரம்பித்தால் முன்பணம் கொடுத்துவிடலாம். ஏசி அறையில் போடப்போகும் மேசை என்றால் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள், ஏசி காற்று மரத்தை இன்னும் உலர்த்தும்.

ஒற்றைப் பலகை மோகம்

மரத்தின் வளைந்த ஓரத்தை அப்படியே விட்டுச் செய்யும் மேசையை உலகறியச் செய்தவர் ஜார்ஜ் நகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கட்டடக் கலைஞர். 1930-களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் நிறுவனத்துக்காகப் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டார். அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பெயர் வைத்தார். அந்த விடுதி அறைகளுக்கான மரச்சாமான்களும் அவர் வடிவமைத்தவைதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. அங்கே இன்னொரு கைதியான ஜப்பானியத் தச்சரிடம் கைவேலையின் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு, மற்றவர்கள் கழித்துத் தள்ளிய வெடித்த பலகைகளை எடுத்து மேசை செய்தார். வெடிப்பை மறைக்கவில்லை. அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் மரத்துண்டு பதித்து, அங்கேயே நிற்கும்படி பிடித்துவைத்தார்.

நான் சொல்லும் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நடந்துகொண்டிருக்கும் குறையை முடிந்த குறையாக மாற்றுவதுதான் அந்தத் துண்டின் வேலை. அதன் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓடவேண்டும், ஆழமாக இறங்கவேண்டும். இன்று கடைகளில் விற்கும் பல ஒற்றைப் பலகைகளில் அதைக் கால் அங்குல ஆழத்தில் அலங்காரமாகப் பதித்திருக்கிறார்கள். வெடிப்பே இல்லாத இடத்தில் பதித்ததும் உண்டு, பொட்டு வைத்துவிட்டது போல.

நம் ஊரில் இந்த வகைக்கு அதிகம் எடுப்பது தூங்குமூஞ்சி மரம். அகலம் கிடைக்கும், ரேகையும் பிரமாதம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த ஆயிரக்கணக்கான மரங்களில் எத்தனையோ தூங்குமூஞ்சிகள் விறகாகவே போயின. அறுத்து நிழலில் அடுக்கியிருந்தால் இன்று மேசையாக நின்றிருக்கும். சிக்கல் மரத்தைக் காயவைப்பதில்தான். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மூன்று அங்குலப் பலகையைப் போன வருடம் அறுத்து இந்த வருடம் விற்றால், அது உங்கள் வீட்டு ஹாலில்தான் மீதியைக் காயும். சூளையில் காயவைத்ததா என்று கேளுங்கள். ஈரமானி வைத்து உங்கள் எதிரிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சரி, 20-ஐத் தொட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ரெசின் ஆறு ஓடும் மேசை என் ரசனைக்கு ஒட்டவில்லை, அது போகட்டும். நடைமுறையில் பார்த்தாலும், ரெசினாக ஊற்றும் சாதாரண எபாக்சி சூட்டில் இளகும். குக்கரையோ ரசச் சட்டியையோ அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைக்கும் வீடுகளில் ஆற்றின் நடுவில் வட்டத் தீவு உண்டாகிவிடும்.

கடையில் எடுப்பது

ரப்பர் மரமோ எம்.டி.எஃப். பலகையோ (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்தது), இதில் குறை என்று எதுவும் இருக்காது, இருந்தால் மாற்றித் தருவார்கள். ரப்பர் மரம் பால் வற்றிய பிறகு வெட்டுவது என்பதால் காட்டுக்குப் பாதிப்பில்லை. மருந்து ஏற்றிக் காயவைத்த நல்ல ரப்பர் மர மேசையை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். எம்.டி.எஃப். விளிம்பில் தண்ணீர் புகுந்தால் உப்பும், பிறகு அடங்காது. முதல் நாள் பழுதே இல்லாமல் வந்து, அன்றிலிருந்து ஒவ்வொரு கீறலிலும் மதிப்பு இறங்கும் பொருள் அது. மர மேசையில் விழும் கீறல் ஏற்கெனவே இருக்கும் தடங்களோடு கலந்துவிடுகிறது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வித்தியாசம் மாதத்துக்கு ஒருமுறை நினைவுக்கு வரும்.

இதில் ஒரு வேடிக்கை. நெதர்லாந்து வடிவமைப்பாளர் பீட் ஹெய்ன் ஏக் 1990-இல் கழிவுப் பலகைகளைச் சேர்த்து அலமாரி செய்து பெயர் பெற்றார். பிறகு அந்தக் கழிவுப் பலகைத் தோற்றமே சுவர்த்தாளாக அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதே தோற்றம் இப்போது நம் ஊர் லேமினேட் கடைகளிலும் கிடைக்கிறது, கணுவும் ஆணித் துருவும் அச்சில். மேசை முழுக்க ஒட்டினால் ஒரே கணு இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வருவதைக் கொஞ்ச நாளில் கண் பிடித்துவிடும். மர அச்சு வேண்டாம், லேமினேட்டே போடுவதென்றால் வெற்று நிறத்தில் எடுங்கள்.

சரி, யாருக்கு எது?

வாடகை வீட்டில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறவர் பழைய தேக்குப் பக்கம் போகவேண்டாம். மேலே சொன்ன அளவு மேசை ஐம்பது கிலோவைத் தாண்டும், மாடிப்படி திருப்பத்தில் உங்களைத் திட்டுவார்கள். ரப்பர் மரம் எடுங்கள், கழற்றி மாட்டும் கால் உள்ளதாக.

சொந்த வீடு, அவசரமில்லை, ஆசாரி தெரிந்தவர் என்றால் பழைய மரம். அவசரமில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். மரம் கிடைக்கவேண்டும், அறுக்கவேண்டும், அடுக்கிப் போடவேண்டும். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு ஆரம்பித்தால் அவர் ஈரத்தோடு பூட்டிக் கொடுப்பார், அதற்கு நீங்கள்தான் காரணம்.

பழைய மரத்துக்கு ஆசை, ஆனால் நல்ல ஆசாரி கிடைக்கவில்லை என்றால் புது மரமே உத்தமம். மோசமான கையில் சிக்கிய நல்ல மரத்தைப் பார்ப்பது வயிற்றெரிச்சல். இதில் பாதி வழியும் உண்டு. கால், சட்டம் புது மரத்தில், மேல்பலகை மட்டும் பழைய கைமரத்தை ஒட்டிச் சேர்த்தது. சேதாரம் குறையும். முடிந்துபோன குறைகளெல்லாம் கண்ணில் படும் இடத்தில் இருக்கும், பாரம் தாங்கும் இடத்தில் ஒரு குறையும் இருக்காது. பட்ஜெட் இழுபறியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சாப்பாட்டு மேசைக்கும் எழுதும் மேசைக்கும் ஒரே விதி கிடையாது. எழுதும் மேசையில் ஆணி ஓட்டையைத் திறந்தே விடலாம். சாப்பாட்டு மேசையில் விட்டால் பருக்கை போய் உட்காரும், எறும்பு வரும். ஓட்டையில் கறுப்பு எபாக்சி ஊற்றி மட்டமாகத் தேய்த்துவிட்டால் தோற்றம் அப்படியே இருக்கும், துடைப்பதும் சுலபம். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தால் நிறம் வேறாகித் தேமல் விழுந்த மாதிரி தெரியும்.

மேல்பூச்சில் வழக்கமான சண்டை, எண்ணெய் மெழுகா, பி.யூ.வா (பாலியூரிதேன் பூச்சா) என்பது. ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போட்டால் மரத்தை மரமாகத் தொடலாம், கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசலாம். ஆனால் ஈரத் தம்ளரின் வட்டம் விழும், சாம்பார் கறை ஏறும், வருடம் ஒருமுறை பூசவும் வேண்டும். பி.யூ. என்றால் கவலையில்லை, ஆனால் பளபளப்பு வேண்டாம், மேட் என்று சொல்லிச் செய்யுங்கள். மஞ்சள் கறைக்கு மட்டும் பயப்படவேண்டாம், வெயில் படும் ஜன்னலோரமாக மேசையைச் சில நாள் தள்ளிவைத்தால் தானாக வெளுத்துவிடும். தயவுசெய்து மேலே கண்ணாடி மட்டும் போடாதீர்கள். இழைப்புளித் தடம் உள்ள பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை, அதோடு இவ்வளவு அலைந்து வாங்கிய மரத்தை யாரும் கையால் தொடவும் போவதில்லை.

பாலிஷுக்கு முந்தின நாள் நீங்களே பட்டறைக்குப் போய்விடுங்கள். பழைய ஓட்டைகளுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்துத் தட்டிப் பாருங்கள். வெளுத்த மாவு விழுந்தால் மருந்து வைக்க அதுதான் கடைசி வாய்ப்பு, பூச்சு ஏறிய பிறகு மருந்து மரத்துக்குள் இறங்காது. எந்த ஓட்டையை அடைக்கலாம், எந்தத் தடத்தைச் சீவாமல் விடவேண்டும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு, மீதிக் கூலியைப் பேசுங்கள்.